ஒரு திண்டு உனக்காகச் சொல்லியிருக்கிறேன்

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு மாசி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சின்னவன் காட்பாடியில் வேலைக்குப் போகிறான், பெருசு இன்னும் அதே மொபெட்டில்தான் கோட்டையைச் சுற்றி வருகிறார்.

தங்கச்சி போனில் ஒன்று சொன்னாள். நீ தரையில் உட்காருவதையே விட்டுவிட்டாயாமே? வாத்தியார் வீட்டுப் பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் பாயில் இருக்க, நீ மட்டும் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். கபடியில் என்னை வாரிவிட்ட காலாடா அது! கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

அன்று நான் ஏன் வரவில்லை தெரியுமா? நடக்க முடியாமல் கிடந்தேன். விடியற்காலை யோகா வகுப்பு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன் இல்லையா, அங்கே காலை நீட்டி உட்கார்ந்து குனியச் சொல்லி, "இன்னும், இன்னும்" என்று முதுகை அழுத்தினார்கள். தொடையின் பின்பக்கம், புட்டத்தின் அடியில், சுரீரென்று இழுத்தது. இரண்டு மாதம் நொண்டினேன். முடியாதவனை முடி முடி என்று அமுக்குவது எந்தக் கலையிலும் சேர்த்தி இல்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது போவது வேறொரு டீச்சரம்மாவிடம். ஐயங்கார் முறை. அறைக்குள் போனால் மரக்கட்டைகள், பெல்ட்டுகள், மடித்து அடுக்கிய கம்பளிகள், சுவரில் தொங்கும் கயிறுகள், இரும்பு நாற்காலிகள். நோயாளிகளுக்கான இடம்போல என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் நாள் திரிகோணாசனம், காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாய்வது. வழக்கம்போலக் கையைத் தரைக்குக் கொண்டுபோனேன், முழங்கால் மடங்கியது, நெஞ்சு தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கணுக்காலுக்குப் பின்னால் ஒரு கட்டையை நிறுத்தி என் கையை அதன்மேல் வைத்தார். அவ்வளவுதான் மாப்ளே. கால் நேரானது, விலா திறந்தது, தலையைத் திருப்பினால் மேலே ஓடும் ஃபேன் தெரிகிறது! அந்த ஆசனத்தில் மூச்சு விட முடியும் என்றே அன்றுதான் தெரிந்தது.

இது சோம்பேறிகளுக்கான குறுக்குவழி என்று நீ சொல்வாய், தெரியும். இந்த முறையைத் தொடங்கிய பி.கே.எஸ். ஐயங்கார் 1918-ல் கர்நாடகத்துப் பெள்ளூரில் பிறந்தவர், சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசம் என்று எல்லாம் பார்த்த உடம்பு. மைசூரில் யோகா குரு கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றுக்கொண்டு புனே போனார். முடியாதவர்களும் ஆசனத்தில் சரியாக, வலியில்லாமல், நேரம் பிடித்து நிற்கவேண்டும் என்றுதான் இந்தக் கட்டை, பெல்ட், நாற்காலி எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன்னாலும் இல்லாமலா இருந்தது? பத்தாவது லீவில் சோளிங்கர் மலை ஏறினோமே, யோக நரசிம்மர் கோயில். யோக நரசிம்மர் சிலைகளிலும் ஐயப்பன் சிலையிலும் முழங்காலைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும் பார், யோகபட்டம். சாமியே பட்டை கட்டி உட்கார்ந்திருக்கும்போது நமக்கென்ன கௌரவம்?

லாங்கு பஜார் பக்கம் ஒரு மெத்தைக் கடையில் திண்டு தைக்கக் கொடுத்தேன். இரண்டடி நீளம். கடைக்காரர் மெத்து மெத்தென்று அடைக்கப் பார்த்தார், அமுங்கவே கூடாது என்று பக்கத்திலேயே நின்று அடைக்க வைத்தேன். அதை முதுகுக்கு நீளவாக்கில் வைத்து, தலைக்கு ஒரு மடிப்புக் கம்பளி, பாதங்களைச் சேர்த்து, இரண்டு முழங்காலுக்கும் அடியில் தலையணை. பத்து நிமிடம் அசையாமல் கிடந்தேன். அப்பா போன பிறகு நெஞ்சில் அடைத்துக்கொண்டு இருந்த ஏதோ ஒன்று அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. இதை உன்னிடம்தான் சொல்கிறேன்.

சரி, இப்போது உன் விஷயம். இடுப்பு இறுகிப்போனால் சம்மணம் போடும்போது இடுப்பெலும்பு பின்னால் சாயும், முதுகு கூன் போடும், முழங்கால் மேலே தூக்கி நிற்கும், வலி எல்லாம் அங்கே வந்து சேரும். உட்காரும் இடத்தை உயர்த்தினால் இடுப்பு முன்னால் வரும், முதுகு தானாக நிமிரும். முதலில் டாக்டரிடம் முழங்காலைக் காட்டு. அவர் சரி என்றால் கம்பளியை நாலாக மடித்து, அதன் விளிம்பில் உட்கார். முழங்கால் இடுப்புக்கு மேலே நின்றால் இன்னொரு கம்பளி போடு. அப்போதும் நின்றால் இன்னொன்று. தொங்குகிற முழங்காலுக்கு அடியில் தலையணை கொடு. வலித்தால் உடனே எழுந்துவிடு, பல்லைக் கடிக்காதே.

எத்தனை கம்பளியில் முழங்கால் இறங்கியது என்று எழுது. அந்த உயரத்துக்கு உன் திண்டை அடைக்கச் சொல்கிறேன், கடைக்காரர் பங்குனிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன்
மச்சான்
சத்துவாச்சாரி, வேலூர்