கீழே கிடந்த கொடிகளை எடுத்தவருக்கு நன்றி

ஆகஸ்ட் 15 விழா முடிந்ததும் மைதான வாசலில் காகிதக் கொடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவருக்கு நன்றி. பெயர் கேட்டேன், "அது எதற்கம்மா?" என்று நகர்ந்துவிட்டீர்கள்.

ஒவ்வொரு கொடியையும் மேல்துண்டால் துடைத்து, குச்சியை உருவி, காவி நிறம் மேலே வரும்படி அடுக்கினீர்கள். குச்சிகள் தனிக் கட்டு. அதுவரை முழங்கிய ஒலிபெருக்கியைவிட எனக்கு இது பிடித்திருந்தது.

காகிதக் கொடிகளை நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் எறியக் கூடாது, தனியிடத்தில் கண்ணியமாக அப்புறப்படுத்த வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு. இதை எனக்குச் சொன்னவரும் நீங்கள்தான். 1932-இல் தடியடியிலும் கொடியை விடாமல் உயிர்விட்ட திருப்பூர் குமரனை மேடையில் பேசிய எல்லோரும் புகழ்ந்தார்கள் (ஒருவர் ஆண்டை மாற்றிச் சொன்னார், போகட்டும்). இறங்கி வந்தபோது ஒருவரும் குனியவில்லை.

என் மகனிடம் ஒரு பையை நீட்டி, "அந்த ஓரம் உன்னுடையது, தம்பி" என்றீர்கள். நாட்டுப்பற்று பற்றி அவனுக்குச் சொல்ல வைத்திருந்த எதையும் பிறகு நான் சொல்லவில்லை. ஜனவரி 26-க்கும் போக வேண்டுமாம். பையை அவனே கொண்டுவருவானாம்.