ஹார்ட்டன் ஃபுட்டின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் 1962இல் வந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. நடிகர் கிரிகரி பெக் இருந்தார், இயக்குநர் ராபர்ட் மல்லிகன் இருந்தார், நாவலாசிரியர் ஹார்ப்பர் லீ இருந்தார். திரைக்கதை எழுதி அதற்காகவே ஆஸ்கர் பெற்ற ஹார்ட்டன் ஃபுட் மட்டும் இல்லை. என் கண்தான் மங்கிவிட்டதோ என்று பேத்தியிடம் கொடுத்தும் தேடச் சொன்னேன்.

இதில் எனக்கென்ன கோபம் என்று கேட்கலாம். வேலையில் இருந்த காலத்தில் மனமகிழ் மன்றத்துக்குப் பதினோரு நாடகங்கள் எழுதியவன் நான். நோட்டீஸில் ஒலிபெருக்கிக்காரர் பெயர் தவறாமல் வரும். என் பெயர் இரண்டு முறை வந்தது, அதில் ஒருமுறை தலைப்பெழுத்து தப்பு.

ஃபுட் டெக்சாஸில் வார்ட்டன் என்ற சிற்றூரில் 1916இல் பிறந்தவர். நடிகராகத்தான் ஆசைப்பட்டார், எழுத்து பிறகு வந்தது. அந்த ஊருக்கு ஹாரிசன் என்று வேறு பெயர் சூட்டி, வாழ்நாளெல்லாம் அதன் மனிதர்களையே எழுதினார். மாக்கிங்பேர்ட் நாவலில் சில ஆண்டுகள் நீளும் கதையைப் படத்துக்காகச் சுருக்கினார். பரிசு கிடைக்காது என்று எண்ணி ஆஸ்கர் விழாவுக்கே போகவில்லை. அந்தப் படத்தில் ஒரு சொல்லும் பேசாமல் சுவரோரம் நிற்கும் ‘பூ ராட்லி’ என்ற பாத்திரத்துக்கு நடிகர் ராபர்ட் டுவாலைப் பரிந்துரைத்தவரும் அவரே. அதே டுவாலுக்கு 1983இல் ‘டெண்டர் மெர்சீஸ்’ படத்தை எழுதினார். இருவருக்கும் ஆஸ்கர். இம்முறை மனிதர் விழாவுக்குப் போனார்.

எனக்கு உயிரான படைப்பு ‘தி டிரிப் டு பவுண்டிஃபுல்’. ஹூஸ்டனில் மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் கேரி வாட்ஸ் என்ற கிழவி, ஓய்வூதியக் காசோலையை மருமகளுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துக்கொண்டு, பவுண்டிஃபுல் என்ற தன் பழைய ஊருக்கு பஸ் ஏறுகிறாள். அங்கே தோழி செத்துப்போயிருக்கிறாள். வீடு இடிந்து கிடக்கிறது. மகன் வந்து திரும்ப அழைத்துப் போகிறான். அவ்வளவுதான் கதை. இதையே நான் எழுதியிருந்தால் மருமகள் ஜெஸ்ஸி மேயை ராட்சசியாக்கி, மூன்றாவது காட்சியிலேயே கைதட்டல் வாங்கியிருப்பேன். ஃபுட் அவளைச் சினிமாவும் அழகு நிலையமும் பிடித்த, சள்ளென்று விழும் சாதாரணப் பெண்ணாகவே விட்டுவிட்டார். கிழவி முணுமுணுக்கும் தேவாலயப் பாட்டு அவளுக்கு எரிச்சல். நமக்கும் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது. அங்கேதான் அந்த மனிதரின் கை தெரிகிறது.

1953இல் தொலைக்காட்சிக்கு எழுதியது அது. அதே ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் மேடையேறியது. படமாக 1985 வரை காத்திருந்தது. கிழவியாக நடித்த ஜெரால்டின் பேஜ் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். ‘தி யங் மேன் ஃப்ரம் அட்லாண்டா’ நாடகத்துக்கு அமெரிக்காவின் பெரிய எழுத்து விருதான புலிட்சர் பரிசு வந்தபோது ஃபுட்டுக்கு வயது 79. 2009இல், 93ஆம் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னர் இறந்தார்.

திருத்தம் வெளியிடுவதானால் கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் வேண்டாம். என் பேத்தி தேடாமலே கண்டுபிடிக்கும் அளவில் போடுங்கள்.

வெ. சு.,
திருச்சி.