முகாமுக்கு முன் அந்தத் தெரு

பெர்லினில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் குழுவினருக்கும்,

வணக்கம். பெரிய பிள்ளைகளை இந்த வருடம் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம். ஒரே ஒரு கோரிக்கை: அதற்கு முந்தைய சனிக்கிழமை பெர்லினின் ஷோனெபெர்க் பகுதியில், பயேரிஷர் பிளாட்ஸ் என்ற சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர்களை நடக்க விடுங்கள்.

ஐன்ஸ்டைன் குடியிருந்த பகுதி அது. விளக்குக் கம்பங்களில் 80 பலகைகள் தொங்கும், நினைவுச்சின்னமாக 1993இல் மாட்டியவை. ஒரு பக்கம் சிறுபிள்ளைப் புத்தகத்தில் வருவது போன்ற படம். மறுபக்கம் நாஜி ஆட்சியின் ஆணை ஒன்று, தேதியோடு. ரொட்டிப் படத்துக்குப் பின்னால், பெர்லின் யூதர்கள் மாலை 4 முதல் 5 மணிக்குள்தான் உணவுப்பொருள் வாங்கலாம் என்றிருக்கும்: 1940 ஜூலை. பூனைக்குப் பின்னால், யூதர்கள் இனி வீட்டுப்பிராணி வளர்க்கக் கூடாது: 1942. யூதப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை: 1938 நவம்பர். மாட்டிய புதிதில், யாரோ நிஜமாகவே யூத வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று பயந்து அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் ஒரு நிமிடம் அப்படித் திடுக்கிடட்டும்.

முகாமை மட்டும் பார்த்தால், எங்கோ வேலிக்குள் கொடியவர்கள் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். ரொட்டி வாங்கும் நேரத்துக்கான ஆணை ஏதோ ஓர் அலுவலக மேசையில் எழுதப்பட்டது. அதைக் கடைக்காரரும் பார்த்தார், எதிர்வீட்டுக்காரரும் பார்த்தார்.

இப்படி ஆணை போட அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று எவனாவது கேட்பான். கேட்காவிட்டால் நீங்களே எடுத்துக்கொடுங்கள். 1933 மார்ச் 23. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. க்ரோல் ஓபரா அரங்கில் கூட்டம், உள்ளே நாஜிக் கட்சியின் அடியாள் படையான பழுப்புச் சட்டைக்காரர்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையில் அல்லது தலைமறைவில். நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போடும் அதிகாரத்தை ஹிட்லர் அரசுக்குக் கொடுக்க 444 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். அவர்கள் சார்பில் எழுந்து பேசிய ஓட்டோ வெல்ஸின் பெயரையாவது பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

"நாங்கள் பார்க்காத அழிவா?" என்று, போரைக் கண்டு வந்த சில அப்பாக்கள் கேட்பார்கள். சரி, பார்த்தவர்கள்தான். அவர்களும் கூட வரட்டும். எது பெரிது என்ற கணக்கு மட்டும் வேண்டாம்.

பயேரிஷர் பிளாட்ஸுக்கு யூ-பான் சுரங்க ரயில் போகிறது, செலவு டிக்கெட்டோடு சரி. நாள் சொன்னால் நிலைய வாசலில் நிற்கிறேன்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்