கைப்பிடியைக் கழற்றியதோடு முடிந்த கதையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் லண்டன் காலரா பற்றி வந்த கட்டுரையில், ‘டாக்டர் ஜான் ஸ்னோ அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார், காலரா ஒழிந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பல வருட வாசகன் என்ற உரிமையில் எழுதுகிறேன், மனசு கேட்கவில்லை.

1854 செப்டம்பர் 8 அன்று பிராட் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தது செயின்ட் ஜேம்ஸ் பங்கின் (தேவாலய வட்டாரத்தின்) நிர்வாகக் குழு. அந்தப் பம்புத் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று முந்தின நாள் ஸ்னோ போய் எடுத்துச் சொன்னார். அதற்குள் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருந்தார்கள், சாவும் குறைய ஆரம்பித்திருந்தது. இதை ஸ்னோவே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அப்புறம், ஹென்றி ஒயிட்ஹெட் எங்கே போனார்? அந்தப் பகுதியின் உதவி குருவானவர். ஸ்னோ சொன்னதை முதலில் நம்பாமல், அது தப்பு என்று காட்டத்தான் வீடு வீடாக விசாரித்தார். செத்தவர்களின் குடும்பங்களை அவருக்கு முன்பே தெரியும், அதனால் கதவு திறந்தது. 1855இல் இறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது பிராட் தெரு 40ஆம் எண் வீட்டின் ஐந்து மாதக் குழந்தை கண்ணில் பட்டது. காரணம் வயிற்றுப்போக்கு என்றுதான் எழுதியிருந்தது, காலரா என்று இல்லை. ஆனால் குழந்தைக்கு நோய் கண்ட தேதி மற்றவர்களுக்கு முந்தியது. தாய் குழந்தையின் துணி அலசிய தண்ணீரை வாசல் பக்கத்து மலக்குழியில் கொட்டியிருக்கிறாள். தோண்டிப் பார்த்தால், குழியிலிருந்து பம்பின் கிணற்றுக்கு மூன்றடிகூட இல்லை, சுவர் செங்கல் இற்றுப்போய்க் கசிந்திருக்கிறது. 600 பேருக்கு மேல் பலிகொண்ட கிணறு.

சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். ஒரு தெருவில் பேதி பரவியபோது, ‘எந்தக் குழாயில் தண்ணீர் பிடிச்சீங்க’ என்று வாசல் வாசலாகக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். குழாய் உடைப்பில் கோணி சுற்றியிருந்தது, அந்தக் குழாய் சாக்கடைக்குள் கிடந்தது. மறுநாள் செய்தியில் மேலதிகாரி படம். உங்கள் டெங்கு சிறப்பிதழிலும் அமைச்சர் இருந்தார், மருத்துவர்கள் இருந்தார்கள். கொசுப்புழு தேடித் தொட்டி தொட்டியாக எட்டிப் பார்த்த மஸ்தூர் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. அப்போதே எழுதினேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த இதழின் திருத்தப் பகுதியில் ஒயிட்ஹெட்டின் பெயரை ஒரு வரியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
கும்பகோணம்.