வெளிநாட்டு மறைப்பணிக்கு இளையோரை அனுப்பும் தமிழகத் துறவற சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநிலத் தலைவியருக்கும் தலைவர்களுக்கும், உருவாக்கப் பயிற்சிக்குப் பொறுப்பானவர்களுக்கும் வணக்கம்.

தான்சானியாவின் வடமேற்கே, விக்டோரியா ஏரியை ஒட்டிய முவான்சா பகுதியில் ஒரு சிறு மருந்தகத்தில் செவிலியராகப் பணியாற்றும் தமிழ் அருட்சகோதரி நான். என்னைப் போலவே இருபதுகளின் நடுவில் வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) முடிந்த கையோடு இங்கு வந்து சேர்ந்த வேறு சபைச் சகோதரிகளுடனும் இளம் குருக்களுடனும் பேசிய பிறகே இதை எழுதுகிறேன். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் எவருக்கும் முதல் ஓராண்டில் எந்தப் பணிப்பொறுப்பும் தராதீர்கள். மொழியையும் ஊரையும் கற்பது மட்டுமே அந்த ஆண்டின் வேலையாக இருக்கட்டும்.

இப்போதுள்ள நடைமுறை உங்களுக்குத் தெரியாததன்று. விடைபெறும் திருப்பலி, பொன்னாடை, பங்கு மக்களின் அன்பளிப்பு எல்லாம் முடிந்து விமானம் ஏறுகிறோம். வந்த சில வாரங்களிலேயே ஒருவர் வகுப்பறையிலும் மற்றொருவர் மருந்தகத்திலும் நிறுத்தப்படுகிறோம். 'ஆங்கிலம் தெரியுமே, சமாளித்துக்கொள்வார்கள்' என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் இந்நாட்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பயிற்றுமொழி சுவாஹிலி; உயர்நிலைப் பள்ளியில்தான் ஆங்கிலம் பயிற்றுமொழியாகிறது. ஆகவே மருந்தகத்துக்குக் குழந்தையைத் தூக்கிவரும் தாய்மாரில் பெரும்பாலானோருக்கு ஆங்கிலம் பயன்படாது. அவர்களின் மாமியார்களில் சிலருக்கோ சுவாஹிலியைவிட இப்பகுதியின் சுகுமா மொழியே இயல்பாக வரும்.

இது வெறும் சங்கடத்தோடு நின்றுவிடும் விஷயமன்று என்பதற்கு ஒரு சிறு உதாரணம் தருகிறேன். சுவாஹிலி பேசுவோர் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி; எட்டு மணி இரண்டு மணி. (உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இதில் வியப்பேதும் இருந்திருக்காது.) இங்கு மலேரியாவுக்கு வழக்கமாகத் தரப்படும் கூட்டு மாத்திரையில் முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் வேளை, அதன்பின் இரண்டு நாள் காலையும் மாலையும் என மொத்தம் ஆறு வேளை உண்டு. காலை எட்டு மணிக்கு முதல் மாத்திரை கொடுத்த குழந்தைக்கு 'மாலை நான்கு மணிக்கு அடுத்ததைக் கொடுங்கள்' என்று சொல்ல வேண்டும். புதிதாக வந்த செவிலியர் அகராதியைப் பார்த்து 'நான்கு மணி' என்று மொழிபெயர்த்தால், தாயின் காதில் அது முற்பகல் பத்து மணி அல்லது இரவு பத்து மணி என்றே விழும். ஒன்றில் மருந்து ஆறு மணி நேரம் முந்துகிறது, மற்றதில் ஆறு மணி நேரம் பிந்துகிறது. பக்கத்தில் உள்ளூர்ப் பணியாளர் நின்று திருத்தினால் பிழைத்தோம். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் என்ன செய்வது?

மொழிப் பயிற்சிக்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மூசோமா அருகே மகோக்கோவில் வெளிநாட்டு மறைப்பணியாளர்களுக்கென்றே பேர்போன சுவாஹிலி மொழிப்பள்ளி ஒன்று உண்டு. அப்படி ஓரிடத்தில் சில மாதம் படித்து, மீதி மாதங்களை ஒரு பங்கில் மக்களோடு பேசிப் பழகிக் கழித்தால் போதும். பெயர்ச்சொல்லின் வகைக்கேற்ப அடைமொழிக்கும் எண்ணுக்கும் வினைக்கும் முன்னொட்டு மாறும் மொழி இது. ஒரு மாதச் சிற்றேடு இதற்குப் போதாது. அதைவிட முக்கியமாக, நலம் விசாரிக்காமல் காரியத்துக்கு வருவதை இங்கு எவரும் மதிப்பதில்லை. இரவு எப்படிக் கழிந்தது, வீட்டில் எப்படி, வேலை எப்படி என்று கேட்டு முடித்த பிறகே 'என்ன உடம்புக்கு?' என்று கேட்கலாம். வரிசையில் நாற்பது பேர் நிற்கும் மருந்தகத்தில் முதல் மாதமே உட்கார வைக்கப்பட்டவருக்கு இந்த நிதானம் எங்கிருந்து வரும்?

ஓராண்டுச் செலவை யார் ஏற்பது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழைத்த ஆயர் ஆளை உடனே எதிர்பார்க்கிறார். குழும இல்லத்தின் மாதச் செலவோ வந்தவரின் ஊதியத்தை நம்பியிருக்கிறது. இதற்கு என் விடை சற்றுக் கடுமையானது: மூவரை அனுப்பும் பணத்தில் இருவரை அனுப்புங்கள். இங்குள்ள திருச்சபை நம் வருகைக்காகத் தவித்துக் கிடக்கவில்லை. 'ஆப்பிரிக்கர்களே இனி ஆப்பிரிக்காவின் மறைப்பணியாளர்கள்' என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் உகாண்டாவின் கம்பாலாவில் சொன்னதன் பொருளை இங்கு வந்தால் பார்க்கலாம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் நம் அன்பியங்களைப் போன்ற சிறு குழுமங்களைக் கிழக்காப்பிரிக்க ஆயர்கள் 1970களிலேயே முதன்மைப் பணியாக ஏற்றுக்கொண்டார்கள். இன்று வாரந்தோறும் வீடுகளில் கூடும் அந்தக் குழுமங்களை நடத்துவோர் குருக்களோ துறவியரோ அல்லாத உள்ளூர்ப் பொதுநிலையினர்தாம். நாங்கள் ஓராண்டு மாணவராக அமர்ந்திருப்பதால் எந்தப் பங்கும் நின்றுபோகாது. தவிர, உரிய அனுமதிகள் கைக்கு வருமுன் ஒருவரை வேலையில் அமர்த்துவது சட்டப்படியும் தவறு.

அந்த ஓராண்டில் மொழியோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டிய இன்னொன்று, எங்களை இம்மக்கள் யாராகப் பார்க்கிறார்கள் என்பது. கடலோரக் குடிசையில் வளர்ந்த மீனவர் மகளாக இருந்தாலும், முவான்சா சந்தைக்குள் நுழைந்ததும் நான் 'வஹிந்தி'யரில் ஒருத்தி, அதாவது கடைவீதியில் தலைமுறைகளாக வணிகம் செய்யும் இந்திய வம்சாவளியினரில் ஒருத்தி. பணமுள்ளவள், பேரம் பேசுபவள், உள்ளூரில் சம்பந்தம் கலவாதவள் என்ற எண்ணம் என் முகத்துக்கு முன்பே அங்கு போய் நிற்கிறது. அதன் பின்னணியில் நெடிய வரலாறு இருக்கிறது: காலனியாட்சியில் ஐரோப்பியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடுப்படியில் இந்தியர் வைக்கப்பட்டது, நாட்டைச் சோசலிசப் பாதைக்குத் திருப்பிய 1967இன் அருஷா பிரகடனம், 1971இல் கட்டடங்கள் அரசுடைமையானபோது இந்திய வணிகர் பலர் வீடிழந்தது. இதில் ஒரு வரிகூடப் பயிற்சி இல்லத்தில் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. தெரியாததால், உதவி கேட்டு வாசலுக்கு வருபவரைக் கண்டு சிலர் மிரளுகிறார்கள். சிலர் கையிலிருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு மறு மாதம் கசந்துபோகிறார்கள். பிறகு அதைத் தனிப்பட்ட குணக்கேடாகக் குறித்து ஊருக்கு அறிக்கை போகிறது.

ஊரிலிருந்து பேசும் எல்லாரும் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். அது சிக்கலே இல்லை. சோளமாவில் கிண்டும் உகாலியோடு ஏரியில் பிடித்து உலர்த்திய டகா மீன் கிடைக்கிறது. நெத்திலிக் கருவாடு தின்று வளர்ந்தவர்களுக்கு அது சொந்த வீட்டுச் சாப்பாடு. உடல்நலம்தான் அப்படியன்று. 1868இல் இந்நாட்டுக் கடற்கரை ஊரான பாகமோயோவில் மறைப்பணி நிலையம் அமைத்த தூய ஆவி சபையினரின் கல்லறைத் தோட்டத்தில் இளவயதிலேயே மாண்டவர்கள் பலர் கிடக்கிறார்கள். இன்று மருந்து இருக்கிறது. ஆனாலும் காய்ச்சல் கண்ட முதல் நாளே சோதித்துக்கொள்ளாமல் 'கடவுளுக்கு ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்ளும்' பழக்கத்தை, துறவறத் தொடக்கப் பயிற்சி நடக்கும் நவதுறவகத்திலேயே முறித்துவிடுங்கள்.

மனத்தளர்ச்சியைப் பற்றிப் பேச எங்களுக்கு இல்லத் தலைவி ஒருவரே இருக்கிறார். சில வேளை சிக்கலே அவரோடுதான். ஊருக்கும் எங்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இரவுச் செபம் முடிந்து நாங்கள் தொலைபேசியை எடுக்கும்போது அங்கே அம்மா தூங்கியிருப்பார். இல்லத்துக்கு வெளியே, வேறு சபையைச் சேர்ந்தவராயினும் சரி, இங்கேயே பல்லாண்டு வாழ்ந்த ஒருவரை ஒவ்வொருவருக்கும் வழித்துணையாக நியமியுங்கள். பெற்றோர் இறந்தால் ஊர் வரலாமா என்பதையும் புறப்படும் முன்பே எழுத்தில் தந்துவிடுங்கள். செய்தி வந்த இரவில் பயணச்சீட்டுக்காகக் கெஞ்சும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

1606இல் இத்தாலியிலிருந்து மதுரைக்கு வந்த தத்துவ போதகரையும் (இராபர்ட் தெ நொபிலி) அவருக்குப் பின் அங்கிருந்தே வந்த வீரமாமுனிவரையும் பற்றி நம் விழா மலர்களில் கட்டுரைகள் வராத ஆண்டில்லை. அவர்கள் தமிழ் கற்ற காலத்தை எவரும் வீண்செலவாகக் கணக்கெழுதவில்லை. 1926இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஏற்படுத்திய மறைபரப்பு ஞாயிற்றுக்கு இந்த ஆண்டும் காணிக்கை திரட்டுவீர்கள். அதில் ஒரு பகுதியை இந்த மொழியாண்டுக்கென ஒதுக்க உங்கள் ஆலோசனைக் குழுவில் பேசுங்கள். அடுத்து அனுப்பப்படுவோரின் பெயர்களை முடிவு செய்யுமுன், இங்கிருந்து திரும்பி வந்து உங்கள் இல்லங்களிலேயே இருக்கும் சகோதரிகளை அழைத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்களில் பெரும்பாலானோரிடம் இதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை.

இறைவனில் தங்கள்,
முவான்சாவிலிருந்து ஓர் அருட்சகோதரி