பிபி தீவுப் பயணம்: சனிக்கிழமைக்கு முன் படிக்கவும்

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரி 14, சனி காலை 7 மணிக்கு புக்கெட் ஹோட்டல் வாசலில் வேன்.

1. வாந்தி மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். குமட்டல் வந்தபின் போட்டால் அவ்வளவாகப் பயனில்லை. ஸ்பீட்போட்டின் முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும்; முதுகுவலிக்காரர்கள் பின்வரிசை. கர்ப்பிணிகள் ஸ்பீட்போட்டில் ஏற வேண்டாம்.
2. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தாய்லாந்து தேசியப் பூங்காக்களில் தடை. அபராதம் 1,00,000 பாட் வரை! முழுக்கை நீச்சல் சட்டையே மேல்.
3. மீசை இருந்தால் ஸ்நார்கெல் மாஸ்க்கில் தண்ணீர் கசியும். மேலுதட்டில் வாசலின் தடவுங்கள். பவளப்பாறையின்மேல் நிற்காதீர்கள்.
4. மாயா விரிகுடாவில் நீந்த அனுமதி இல்லை, கால் நனைக்கலாம்.
5. கயாக் (துடுப்புப் படகு) லோ தலும் விரிகுடாவில். நீர் வற்றினால் அங்கே தரைதட்டும், ஆகவே வழிகாட்டி சொல்லும் நேரம்தான்.

நீச்சல் தெரியுமா, லைஃப் ஜாக்கெட் அளவு என்ன என்று புதன் இரவுக்குள் பதிலிடுங்கள்.