துருத்தி அமுக்குன தாத்தா

ஆசிரியருக்கு வணக்கம். தரங்கம்பாடி பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், 1706ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து எறங்குனது, 1718ல புது எருசலேம் கோயில் கட்டுனது எல்லாம் சரிதான், ஆனா கோயில்ல வாசிக்கிற வாத்தியத்த பத்தி ஒரு வரி கூட இல்லயே சார்.

எங்க தாத்தா சின்ன வயசுல இந்தப் பக்கம் ஒரு சர்ச்ல பைப் ஆர்கனுக்கு துருத்தி அமுக்குனவரு. நெறைய பேரு அத பெரிய ஆர்மோனியம்னு நெனச்சிக்கிறாங்க, அது தப்பு. ஆர்மோனியத்துல பித்தளை நாக்கு அதிரும், பைப் ஆர்கன்ல பெரும்பாலும் புல்லாங்குழல் மாதிரி குழலுக்குள்ள காத்து போய்தான் சத்தம், எட்டடி குழல்னா அடித்தொண்டை, அதுல பாதி நீளம்னா ஒரு ஸ்தாயி மேல. கரண்டு மோட்டார் இல்லாத காலம், துருத்தில எவ்ளோ காத்து இருக்குன்னு காட்ட கயித்துல ஒரு ஈயக்குண்டு தொங்குமாம், தாத்தா கண்ணு பூரா அதுலதான், அது கோட்ட தாண்டிட்டா கீர்த்தனை நடுவுலயே மூச்சு போயிரும். (ஒரு தடவ தூங்கிட்டாராம், பாதிரி ஐயர்கிட்ட வாங்குன திட்ட கடைசி வரைக்கும் சொல்லி சிரிப்பாரு.)

ஐப்பசி மழைல மரம் ஊறி, விரலால அமுக்குற கட்டை எழும்பாது, துருத்தி தோல எலி கடிச்சிரும். ரிப்பேர் பாக்க ஆளில்லன்னு கடைசில ஈயமும் தகரமும் கலந்த அந்தக் குழல்கள எடைக்கு போட்டுட்டாங்க. இப்ப கீபோர்டு.

டெல்டால வேற எங்கயாவது மிச்சம் இருந்தா வாசகர்கள் போட்டோ அனுப்பட்டும், நீங்க போடுங்க சார்.

ஒரு வாசகர், மயிலாடுதுறை